கால்நடையிலிருந்து வரும் காய்ச்சல்: கண்டறியும் வழிகள்

நம் நாட்டின் மாவட்ட மருத்துவமனை எதுவாயினும், காலை வேளையில் அதன் புறநோயாளர் பிரிவில் காத்திருப்போரில் பெரும் பகுதியினர் காய்ச்சலுக்காக வந்தவர்களாகவே இருப்பர். அவர்களுள் பெரும்பாலோர் சில நாட்களில் குணமடைந்து வீடு திரும்பிவிடுகின்றனர். மலேரியா, டைபாய்டு, டெங்கு, காசநோய் ஆகியவை மருத்துவர்களுக்கு நன்கு பழக்கமானவை. அவற்றுக்கான சோதனைகளும் மருந்துகளும் பரவலாகக் கிடைக்கின்றன. ஆனால் வாரக் கணக்கில் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தும், செய்த சோதனைகள் எதிலும் திட்டமான விடை கிடைக்காமல், மருத்துவமனை மாற்றி மருத்துவமனை அலைகிற சிலர் எப்போதும் இருக்கின்றனர். அத்தகையோரில் ஒரு பகுதியினருக்கு உள்ள நோய்தான் புருசெல்லோசிஸ். கால்நடை வளர்ப்போர் இதே நோயை மாடுகளிடத்துக் கன்று வீச்சு நோய் என்ற பெயரால் அறிந்திருக்கின்றனர்.

மாட்டுக்கு வரும் இந்நோய் மனிதருக்கும் வரும் என்பது பலருக்குத் தெரியாது. மனிதரிடத்து இது அரிய நோய் என்றே பாடப் புத்தகத்தில் படித்தவர்களும் எண்ணிக்கொள்கின்றனர். அரிதாகக் காணப்படுகிறது என்பது உண்மையே. ஆயினும் அது உண்மையிலேயே அரிதாக உள்ளதா, அல்லது எவரும் தேடாததால் அரிதாகத் தோன்றுகிறதா என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வியாகும். இந்நோயைக் கண்டறிவதில் உள்ள இடர்ப்பாடுகளையும் அவற்றைக் கடக்கும் வழிகளையும் எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

ஓர் எடுத்துக்காட்டு

தக்காணப் பீடபூமியில் வெள்ளாடு வளர்க்கும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். வயது முப்பத்தைந்து, முப்பது ஆடுகளே அவருடைய சொத்து. மாலை நேரங்களில் அவருக்கு உடல் சுடுகிறது. இரவில் போர்வை நனையுமளவு வியர்க்கிறது. விடிந்ததும் காய்ச்சல் தணிந்து விடுவதால் ஆடுகளை ஓட்டிக்கொண்டு மேய்ச்சலுக்குப் போய்விடுகிறார். மூட்டுகளில் வலி, இடுப்பில் வலி, உணவில் வெறுப்பு, காரணமற்ற சோர்வு ஆகியவை தொடர்கின்றன.

முதலில் அவர் அருகிலுள்ள மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி உட்கொள்கிறார். பின்னர் ஒரு மருத்துவர் வைடால் சோதனை செய்கிறார். டைபாய்டு அடிக்கடி காணப்படும் பகுதிகளில், நோய் இல்லாதவர்களிடமும் அச்சோதனை ஓரளவு சாதகமாக அமைவதுண்டு. எனவே டைபாய்டு என்று மருந்து தரப்படுகிறது. காய்ச்சல் சற்றுத் தணிந்து மீண்டும் வருகிறது. இரண்டு மாதங்கள் கழிந்தபின் இடுப்பு வலி மிகுந்து நடக்கவே இயலாதபோது, முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம் என்ற ஐயம் எழுகிறது. இதற்குள் சோதனைகளுக்கும் பயணத்துக்கும் ஆன செலவுக்காகச் சில ஆடுகள் சந்தையில் விற்கப்பட்டுவிடுகின்றன. அவற்றுள் ஒன்று அவருக்கு நோயைத் தந்த ஆடாகவே இருந்தால், அந்நோய் இப்போது வேறொரு குடும்பத்தின் கொட்டிலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

இந்தக் காலம் முழுவதிலும் அவரிடம் ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. "உங்கள் ஆடுகளில் ஏதேனும் அண்மையில் கருச்சிதைவுற்றதா?" என்பதே அக்கேள்வி.

மால்டாத் தீவு கற்பித்த பாடம்

இக்கேள்வியின் முக்கியத்துவத்தை உணர்த்துவது நோயின் வரலாறே. மத்தியதரைக் கடலிலுள்ள மால்டாத் தீவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் படை வீரர்கள் நீண்ட காய்ச்சலால் ஆண்டுதோறும் துன்புற்றனர். டேவிட் புரூஸ் என்ற படை மருத்துவர் 1887-ஆம் ஆண்டில், அக்காய்ச்சலால் இறந்தோரின் மண்ணீரலிலிருந்து மிகச் சிறிய கிருமி ஒன்றைப் பிரித்தெடுத்தார். பத்து ஆண்டுகளுக்குப் பின், 1897-இல், நோயாளியின் குருதி நீர் அக்கிருமிகளை ஒன்றாகத் திரளச் செய்கிறது என்பது கண்டறியப்பட்டு, குருதிச் சோதனைக்கு வழி பிறந்தது. கிருமியும் தெரிந்தது, சோதனையும் கிடைத்தது. ஆயினும் நோய் எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் புலப்படவில்லை.

1905-ஆம் ஆண்டில் மால்டாவைச் சேர்ந்த மருத்துவரான தெமிஸ்டோகிளஸ் ஸாமிட் அத்தீவின் வெள்ளாடுகளைச் சோதித்தபோதுதான் விடை கிடைத்தது. ஆடுகள் வெளித் தோற்றத்தில் நலமாகவே இருந்தன. ஆனால் அவற்றின் குருதியில் நோயின் தடயம் இருந்தது; பல ஆடுகளின் பாலில் கிருமியே இருந்தது. 1906-இல் படை வீரர்களுக்கு ஆட்டுப் பால் வழங்குவது நிறுத்தப்பட்டதும், அவர்களிடையே காய்ச்சல் பெருமளவு குறைந்துபோயிற்று. மனிதரிடம் நோயின் காரணத்தைத் தேடியவர்கள் ஆட்டைப் பார்க்காதிருந்த வரையில் விடை கிடைக்கவில்லை என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.

இதற்கிடையே டென்மார்க்கில் பெர்ன்ஹார்டு பாங் என்ற அறிஞர், மாடுகளில் கருச்சிதைவை உண்டாக்கும் கிருமியை 1897-இல் கண்டறிந்திருந்தார். அதுவும் மால்டாக் கிருமியும் நெருங்கிய உறவுடையவை என்பதை அமெரிக்க ஆய்வாளரான ஆலிஸ் இவான்ஸ் 1918-இல் எடுத்துக்காட்டினார். பதப்படுத்தாத பசும்பால் ஆபத்தானது என்று அவர் கூறியதைப் பலர் ஏற்க மறுத்தனர். 1922-இல் ஆய்வுக்கூடத்திலேயே அவருக்கு இந்நோய் தொற்றிற்று. பல ஆண்டுகள் அவர் நோயுற்றும் தேறியும் துன்புற்றார். அவருடைய உபாதைகள் நரம்புத் தளர்ச்சியால் வந்தவை என்று கருதப்பட்ட காலமும் உண்டு; பின்னர் அவருடைய உடலிலிருந்தே கிருமி பிரித்தெடுக்கப்பட்டது. இந்நோயை நன்கறிந்த நிபுணருக்கே இந்நிலை எனில், எழுத்தறிவற்ற ஆட்டிடையர் தம் துன்பத்தைப் பிறர் நம்பும்படி எடுத்துரைப்பது எத்துணைக் கடினம் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

நோயின் இயல்பு

கிருமியைக் கண்டறிந்த புரூஸின் பெயராலேயே அதற்குப் புருசெல்லா என்ற பெயர் அமைந்தது. இதில் பல இனங்கள் உள்ளன. வெள்ளாடு, செம்மறியாடுகளில் காணப்படும் மெலிட்டென்சிஸ் என்னும் இனமே மனிதருக்கு மிகக் கடுமையான நோயைத் தருகிறது. மாடு, எருமைகளில் காணப்படுவது அபார்ட்டஸ். பன்றிகளில் காணப்படுவது சூயிஸ். நாய்களில் காணப்படுவது கேனிஸ். இக்கிருமி, உடலைக் காக்க வேண்டிய உயிரணுக்களின் உள்ளேயே புகுந்து தங்கி வாழும் இயல்புடையது. நோய் நீடிப்பதற்கும், குணமானதுபோல் தோன்றி மீண்டும் தலைதூக்குவதற்கும், நீண்ட நாள் மருந்து தேவைப்படுவதற்கும் இதுவே காரணம்.

மனிதருக்கு இது மூன்று வழிகளில் வருகிறது. காய்ச்சாத பாலையும் அதிலிருந்து செய்யப்படும் பாலாடைக் கட்டி போன்றவற்றையும் உண்பது ஒரு வழி. கருச்சிதைவுற்ற கன்று, நஞ்சுக்கொடி, கருப்பை நீர் ஆகியவற்றை வெறுங்கையால் தொடும்போது, தோலிலுள்ள சிறு கீறல்கள் வழியாகக் கிருமி உட்புகுவது இரண்டாவது வழி. தொழுவத்திலும் இறைச்சிக் கூடத்திலும் ஆய்வுக்கூடத்திலும் காற்றில் மிதக்கும் நுண்துளிகளைச் சுவாசிப்பது மூன்றாவது வழி. பாலைக் காய்ச்சிக் குடிக்கும் வழக்கம் நம் நாட்டில் பரவலாக இருப்பது ஒரு பெரும் பாதுகாப்பு. எனவே இங்கு தொழில் வழியாக வரும் தொற்றுக்குத் தனிக் கவனம் தேவைப்படுகிறது. மனிதரிடமிருந்து மனிதருக்கு இந்நோய் பரவுவது மிக அரிது.

கிருமி உட்புகுந்த ஒன்று முதல் நான்கு வாரங்களில் வழக்கமாக நோய் வெளிப்படும். சிலரிடத்து மாதக் கணக்காகவும் ஆகலாம். காய்ச்சல், மிகுந்த வியர்வை, மூட்டு வலி, முதுகு வலி, எடைக் குறைவு, மனச்சோர்வு ஆகியவை பொதுவான குறிகள். கல்லீரலோ மண்ணீரலோ வீங்கியிருக்கலாம். ஆண்களில் சிலருக்கு விதைப்பையில் வலியும் வீக்கமும் தோன்றும். கருவுற்ற பெண்களுக்குக் கருச்சிதைவு நேரக்கூடும். இந்நோயால் இறப்போர் நூற்றுக்கு இருவருக்கும் குறைவே. அவ்வாறு நேரும் இறப்புகளுக்கு, இதயத்தின் தடுக்கிதழ்களைக் கிருமி தாக்குவதே முதன்மைக் காரணம். உயிர் போவது அரிதாயினும், உழைக்கும் வயதில் உள்ளவரை மாதக் கணக்கில் முடக்கிப்போடுவதே இந்நோயின் கொடுமை.

மேற்கூறிய குறிகளுள் ஒன்றுகூட இந்நோய்க்கே தனியாக உரியதன்று. இரவு வியர்வையும் எடைக் குறைவும் காசநோயிலும் உண்டு. மண்ணீரல் வீக்கம் மலேரியாவிலும் காலா-அசாரிலும் உண்டு. குருதியில் வெள்ளணுக்கள் இயல்பான அளவிலோ சற்றுக் குறைவாகவோ இருப்பது டைபாய்டிலும் உண்டு. ஆகவே குறிகளை மட்டும் வைத்து இதனைக் கண்டுபிடிக்க முடியாது. ஐயம் எழுந்து தேடினாலன்றி அகப்படாது.

கேட்க வேண்டிய கேள்விகள்

எனவே, நோய் நாடலின் முதற்படி ஆய்வுக்கூடத்தில் அன்று, மருத்துவரின் மேசையருகில்தான் தொடங்குகிறது. இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சலுடன் வருகிறவரிடம் சில கேள்விகளைத் தவறாமல் கேட்பது பயன் தரும். அவருடைய தொழில் என்ன? வீட்டில் ஆடு, மாடு, பன்றி உண்டா? அண்மையில் அவற்றுள் எதற்கேனும் கருச்சிதைவோ, நஞ்சுக்கொடி தங்குதலோ நேர்ந்ததா? ஈனும்போது கை கொடுத்து உதவியது யார்? பச்சைப் பால் குடிக்கும் வழக்கம் உண்டா? வீட்டில் வேறு எவருக்கேனும் இதுபோன்ற காய்ச்சல் உள்ளதா?

தொழில் என்ன என்று கேட்பதில் ஒரு நுட்பம் உண்டு. பெண்களிடம் கேட்டால், வீட்டு வேலை என்றே பலர் விடையளிப்பர். ஆனால் பால் கறப்பதும் தொழுவத்தைத் துப்புரவு செய்வதும் ஈனும் ஆட்டுக்கு அருகிருந்து உதவுவதும் பல வீடுகளில் அவர்களுடைய பணியே. இறைச்சிக் கூடத் தொழிலாளர், தோல் மற்றும் கம்பளித் தொழிலாளர், கால்நடை மருத்துவர், கால்நடை உதவியாளர், நுண்ணுயிர் ஆய்வுக்கூடப் பணியாளர் ஆகியோரும் தனிக் கவனத்துக்கு உரியவர்கள். கன்றுகளுக்குப் போடும் புருசெல்லா தடுப்பூசி மருந்தில் உள்ளது உயிருள்ள, வலுக்குறைந்த கிருமி. ஊசி போடும்போது கையில் குத்திக்கொண்டால் அதுவே மனிதருக்கு நோய் தரக்கூடும். ஆதலால் தடுப்பூசிப் பணியாளருக்குக் காய்ச்சல் கண்டால், அவர்கள் இச்செய்தியை மருத்துவரிடம் தாமே முன்வந்து கூற வேண்டும்.

குருதிச் சோதனைகள்

ஐயம் எழுந்தபின் செய்ய வேண்டிய முதற் சோதனை எளியது. ரோஸ் பெங்கால் என்னும் செந்நிறச் சாயம் ஏற்றிய கிருமித் திரவத்தின் ஒரு துளியையும் நோயாளியின் குருதி நீரின் ஒரு துளியையும் தட்டில் கலந்தால், எதிர்ப்பொருள் இருக்கும்போது சில நிமிடங்களில் சிறு திரட்சிகள் கண்ணுக்குத் தெரியும். செலவு குறைவு, நுட்பமான கருவிகள் தேவையில்லை. தாலுகா மருத்துவமனையிலும் இதனைச் செய்ய இயலும்.

இச்சோதனை சாதகமானால், அடுத்ததாகக் குழாய்த் திரட்சிச் சோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும். குருதி நீரைப் படிப்படியாக நீர்க்கச் செய்து, எந்த அளவு வரை திரட்சி காணப்படுகிறது என்று இதில் அளக்கப்படுகிறது. நோய்க்குறிகளும் இருந்து, 1:160 அல்லது அதற்கு மேற்பட்ட அளவிலும் திரட்சி காணப்பட்டால், அதனை நோய்க்குச் சான்றாகக் கொள்வது வழக்கம். கால்நடைகளிடையே நோய் மிகுந்த பகுதிகளில் இன்னும் உயர்ந்த அளவை எல்லையாகக் கொள்வதும் உண்டு. இரண்டு வாரங்களோ அதற்கு மேலோ இடைவெளிவிட்டு எடுத்த இரு மாதிரிகளுக்கிடையே அளவு நான்கு மடங்கு உயர்ந்தால் சான்று மேலும் வலுவடைகிறது. எலிசா முறையில் எதிர்ப்பொருளின் வகைகளைத் தனித்தனியே அறியலாம். நோய் புதியதா, பழையதா என்று ஓரளவு பிரித்துணர அது உதவும்.

இச்சோதனைகளுக்கு வரம்புகள் உண்டு என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். முதலாவதாக, எதிர்ப்பொருள் மிக அதிகமாக உள்ள குருதியில், குறைந்த நீர்ப்பு அளவுகளில் திரட்சி தோன்றாமலே போகலாம். முதல் இரண்டு மூன்று குழாய்களைப் பார்த்து நோய் இல்லை என்று கூறிவிட்டால் பெருந்தவறு நேரும். 1:320-க்கு அப்பாலும் நீர்த்துப் பார்க்க வேண்டியதன் காரணம் இதுவே. இரண்டாவதாக, எர்சினியா, காலரா போன்ற வேறு சில கிருமிகளுக்கு எதிராக உண்டான எதிர்ப்பொருளும் இச்சோதனையில் திரட்சியை உண்டாக்கலாம். மூன்றாவதாக, பல ஆண்டுகளாகக் கால்நடைகளுடன் பழகி வருவோரின் குருதியில், நோய் இல்லாதபோதும் பழைய தொற்றின் தடயம் நீடிக்கக்கூடும். நான்காவதாக, நாய்களிடமிருந்து வரும் கேனிஸ் இனத்தை இச்சோதனைகளில் பயன்படும் வழக்கமான கிருமித் திரவம் காட்டிக்கொடுப்பதில்லை. ஆகவே எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், நோயாளியையும் அவருடைய வாழ்க்கைச் சூழலையும் சேர்த்தே பார்ப்பது அவசியம்.

கிருமியை வளர்த்துக் காணுதல்

ஐயத்துக்கு இடமற்ற சான்று, நோயாளியின் குருதியிலிருந்து கிருமியை வளர்த்துக் காண்பதே. இதற்கான குருதி, கூடுமான வரையில் மருந்து தொடங்கும் முன்பே எடுக்கப்பட வேண்டும். பல ஊர்களில் நோயாளி பெரிய மருத்துவமனையை அடைவதற்குள் இரண்டு மூன்று வகை மருந்துகளை உட்கொண்டுவிடுவதால் இவ்வாய்ப்புக் குன்றிவிடுகிறது. நோய் நாட்பட்ட நிலையில் குருதியில் கிருமி கிடைப்பது மேலும் அருகிப்போகிறது. எலும்பு மஜ்ஜையை எடுத்து வளர்த்தால் வெற்றி வாய்ப்பு மிகும்.

புருசெல்லா மெதுவாக வளரும் கிருமி. முன்பு வளர்ப்பு ஊடகத்தை மூன்று வாரங்களுக்கும் மேலாகப் பாதுகாத்து வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. தானியங்கிக் கருவிகள் வந்தபின், பெரும்பாலும் ஒரு வாரத்திற்குள்ளேயே வளர்ச்சி தெரிந்துவிடுகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால், தூவிய நுண்மணல் போல் மிகச் சிறிய துகள்களாகக் கிருமி காட்சியளிக்கும். எனினும், இதனை முன்பின் பார்த்திராத ஆய்வாளர் இதனை வேறொரு தீங்கற்ற கிருமி என்று தவறாகக் கருதக்கூடும். சில தானியங்கி இனங்காணும் கருவிகளும் இவ்வாறு தவறிழைப்பதுண்டு. டி.என்.ஏ.வைப் பெருக்கிக் காணும் பி.சி.ஆர். முறை, வசதியுள்ள ஆய்வுக்கூடங்களில் விரைவாக விடை தருகிறது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. உலகெங்கும் ஆய்வுக்கூடப் பணியாளருக்கு மிகுதியாகத் தொற்றும் கிருமிகளுள் புருசெல்லாவும் ஒன்று. வளர்ப்புத் தட்டைத் திறந்து முகர்ந்து பார்ப்பது, மேசைமேல் வைத்தே கையாள்வது ஆகிய பழைய பழக்கங்கள் பேராபத்தை விளைவிக்கும். 2019-ஆம் ஆண்டில் சீனத்தின் லான்சோ நகரில், கால்நடைத் தடுப்பூசி தயாரிக்கும் ஆலை ஒன்றின் கழிவுக் காற்றோடு இக்கிருமி வெளியேறியதால், அப்பகுதியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று ஏற்பட்டது. காற்று வழியாக இக்கிருமி எவ்வளவு எளிதில் மனிதரை அடையும் என்பதற்கு இதுவே போதிய சான்று. எனவே புருசெல்லா ஐயம் உள்ள மாதிரியை அனுப்பும் மருத்துவர், அந்த ஐயத்தைச் சோதனைச் சீட்டில் தெளிவாக எழுத வேண்டும். அந்த ஒரு சொல், மாதிரியைக் கையாளும் பணியாளரை எச்சரித்துக் காக்கிறது. கிருமியைத் தவறாக இனங்காண்பதையும் தடுக்கிறது.

காசநோயா, புருசெல்லாவா?

நம் நாட்டு மருத்துவர் எதிர்கொள்ளும் மிகக் கடினமான கேள்வி இதுவே. இரண்டும் முதுகெலும்பைத் தாக்குகின்றன. இரண்டிலும் காய்ச்சலும் வியர்வையும் எடைக் குறைவும் உண்டு. காசநோய் பரவலாக உள்ள நாட்டில் மருத்துவரின் எண்ணம் முதலில் அதன்மேல் செல்வது இயற்கையே.

சில வேறுபாடுகள் துணை செய்யும். புருசெல்லா பெரும்பாலும் இடுப்புப் பகுதி முள்ளெலும்புகளையும், இடுப்பெலும்பும் முதுகெலும்பும் சேரும் மூட்டையும் தாக்குகிறது. எலும்பின் அமைப்பு பெரிதும் சிதைவதில்லை. காசநோயோ மார்புப் பகுதி முள்ளெலும்புகளை மிகுதியாகத் தாக்கும். எலும்பு நொறுங்கிக் கூன் விழுவதும், பக்கவாட்டில் பெரிய சீழ்க்கட்டி தோன்றுவதும் அதில் மிகுதி. எம்.ஆர்.ஐ. படத்தில் இவ்வேறுபாடுகளை ஓரளவு காணலாம். ஆயினும் படம் மட்டும் தீர்ப்பளிக்காது. குருதிச் சோதனையும் திசுச் சோதனையும் அவசியம்.

தவறான முடிவால் நேரும் விளைவு சிறிதன்று. காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிபாம்பிசின் புருசெல்லாவையும் ஓரளவு கட்டுப்படுத்தும். எனவே காசநோய்ச் சிகிச்சை தொடங்கியதும் புருசெல்லா நோயாளிக்குக் காய்ச்சல் தணிகிறது. முடிவு சரியே என்ற எண்ணம் அனைவருக்கும் உண்டாகிறது. ஆனால் அத்தொகுதியிலுள்ள ஏனைய மருந்துகள் புருசெல்லாவை ஒழிக்கப் போதியவையல்ல. நோய் அடங்கியதுபோல் இருந்து மீண்டும் எழுகிறது. மறுபுறம், உண்மையிலேயே காசநோய் உள்ளவருக்குப் புருசெல்லா என்று கருதி, காசநோய் மருந்துகளுள் ரிபாம்பிசினை மட்டும் தந்தால், காசநோய்க் கிருமி அம்மருந்துக்கு அடங்காததாக மாறும் அபாயம் உண்டு. இரு பக்கமும் இழப்பு இருப்பதால்தான் சிகிச்சைக்கு முன் நோயைத் திட்டமாக அறிவது இன்றியமையாததாகிறது.

சிகிச்சை

நோய் உறுதியானபின் சிகிச்சை எட்டாத் தொலைவில் இல்லை. டாக்சிசைக்ளின் என்னும் மருந்தை ஆறு வாரங்கள் உட்கொள்வதும், அதனுடன் ரிபாம்பிசினை ஆறு வாரங்களோ, ஸ்டிரெப்டோமைசின் ஊசியை இரண்டு மூன்று வாரங்களோ சேர்த்துக்கொள்வதும் பொதுவான முறைகள். ஒரு மருந்தை மட்டும் தருவது நோய் திரும்புவதற்கு வழிவகுக்கும். எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் வேறு மருந்துகள் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். முதுகெலும்பு, மூளை, இதயம் ஆகியவை பாதிக்கப்பட்டிருந்தால் சிகிச்சைக் காலம் இன்னும் நீளும்; இதயத்துக்கு அறுவை சிகிச்சையும் தேவைப்படலாம்.

சில நாட்களிலேயே காய்ச்சல் நின்றுவிடுவதால், மருந்தைப் பாதியில் நிறுத்திவிடுவோர் பலர். கூலி வேலை செய்வோருக்கு மருத்துவமனைக்கு ஒருமுறை வருவது ஒருநாள் வருவாயை இழப்பதாகும். ஆறு வாரங்களுக்கு வேண்டிய மருந்து ஊருக்கு அருகிலேயே கிடைக்கும்படி செய்வதும், ஏன் இவ்வளவு நாள் மருந்து என்பதை நோயாளிக்கு அவருடைய மொழியில் விளக்குவதும் சிகிச்சையின் பகுதிகளே.

கொட்டிலில் தொடங்கும் தடுப்பு

ஒரு மனிதரிடம் இந்நோய் கண்டறியப்பட்டால், எங்கோ ஒரு கொட்டிலில் நோயுற்ற கால்நடை உள்ளது என்பது அதன் பொருள். ஆகவே மருத்துவரின் கடமை மருந்துச் சீட்டோடு முடிவதில்லை. அருகிலுள்ள கால்நடை மருத்துவருக்குத் தகவல் தெரிவித்து, மந்தையைச் சோதிக்கச் செய்ய வேண்டும். அதுபோலவே, மந்தையில் கருச்சிதைவுக்கு இந்நோயே காரணம் எனக் கண்ட கால்நடை மருத்துவரும், அக்குடும்பத்தினரைக் குருதிச் சோதனைக்கு அனுப்பிவைக்க வேண்டும். இரு துறையினருக்குமிடையே ஒரு தொலைபேசி அழைப்பு பல மாத அலைச்சலைத் தவிர்த்துவிடும்.

2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டிலுள்ள கால்நடைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 53 கோடியே 57 லட்சம். இவற்றுள் வெள்ளாடுகள் மட்டும் ஏறத்தாழ 14 கோடியே 88 லட்சமாகும். கால்நடைச் செல்வத்தைப் பெருக்கும் முயற்சியோடு அதன் நலத்தைக் காக்கும் முயற்சியும் இணைந்து செல்ல வேண்டும். அதே 2019-ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம், கோமாரி நோயோடு கன்று வீச்சு நோயையும் இலக்காகக் கொண்டது. நான்கு முதல் எட்டு மாத வயதுள்ள மாடு, எருமைக் கிடேரிக் கன்றுகளுக்கு வாழ்நாளில் ஒரு முறை தடுப்பூசி போடுவது அதன் வழிமுறை. பெங்களூரில் உள்ள தேசியக் கால்நடை நோய்ப் பரவலியல் மற்றும் நோய்த் தகவலியல் நிறுவனம், இந்நோய் குறித்த ஆய்விலும் சோதனை முறைகளை உருவாக்குவதிலும் ஈடுபட்டுள்ளது. மனித நலமும் விலங்கு நலமும் ஒன்றே என்ற நோக்குடன் தேசிய ஒருமை நல நிறுவனம் ஒன்றுக்கு நாகபுரியில் 2022 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது.

ஆனால் மனிதருக்குக் கடும் நோய் தரும் மெலிட்டென்சிஸ் இனம் ஆடுகளிடமே மிகுதி என்பதையும், கிடேரிக் கன்றுகளுக்கான தடுப்பூசி ஆட்டு மந்தைகளைச் சென்றடைவதில்லை என்பதையும் மறத்தலாகாது. ஆடு வளர்ப்போர் பெரும்பாலும் நிலமற்ற ஏழைகள். நோயுற்ற ஆட்டை ஒதுக்கிவிடுமாறு கூறுவது எளிது. அதனால் வரும் இழப்பை ஈடுசெய்ய வழியில்லையெனில், அந்த ஆடு சந்தைக்கே போய்ச் சேரும்.

அன்றாட வாழ்வில் கடைப்பிடிக்கக்கூடிய எளிய காப்புகள் பல உள்ளன. பாலை, ஆட்டுப் பாலாயினும் மருந்துக்கெனக் குடிக்கும் பாலாயினும், நன்கு காய்ச்சியே பருக வேண்டும். கருச்சிதைவுற்ற கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடலாகாது. கையுறை அணிந்து எடுத்து, சுண்ணாம்பு தூவி ஆழப் புதைக்க வேண்டும். அவற்றை நாய்கள் இழுத்துச் செல்ல விடலாகாது. கன்று வீசிய மாட்டை மற்ற மாடுகளிடமிருந்து பிரித்து வைத்து, கால்நடை மருத்துவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். வெளியிலிருந்து வாங்கும் மாட்டையோ ஆட்டையோ சோதித்த பின்னரே மந்தையில் சேர்ப்பது நலம்.

முன்னர்க் கற்பனை செய்த ஆட்டிடையரிடம் முதல் வாரத்திலேயே அந்த ஒரு கேள்வி கேட்கப்பட்டிருந்தால், இரண்டு துளிகளைத் தட்டில் கலக்கும் சோதனை அவருடைய நோயைப் பெரும்பாலும் சுட்டிக்காட்டியிருக்கும். ஆறு வார மருந்தோடு அவர் மேய்ச்சலுக்குத் திரும்பியிருப்பார். ஆடுகள் சந்தைக்குப் போகாமல் சோதனைக்கு உட்பட்டிருக்கும். இதற்கு வேண்டிய சாதனங்கள் நம் நாட்டில் உள்ளன. அவற்றைப் பயன்படுத்த வேண்டும் என்ற நினைவு, நீண்ட நாள் காய்ச்சலோடு வருபவரைப் பார்க்கும் ஒவ்வொரு மருத்துவரிடமும், மந்தையில் கன்று வீச்சைக் காணும் ஒவ்வொரு கால்நடை மருத்துவரிடமும் வேரூன்றுதல் வேண்டும்.